எஸ்தரின் பெட்டிக்குத் துணி

1945 மே 14, திங்கள்
காலையிலேயே அனல். மலைப்பக்கமிருந்தும் காற்றில்லை. தங்கை எஸ்தருக்குக் கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் என்னை வாசலில் நிறுத்திச் சொன்னார்: நுரையீரல் இரண்டும் போய்விட்டது, இந்த வாரம் தாண்டாது.

நைனா அழவில்லை. பெட்டிக்குச் சொல்லிவிடு என்றார். துணிப் பங்கீடு வந்தபிறகு எங்கள் சபையில் ஒருவரை வெறும் பலகைப் பெட்டியில் புதைத்தார்கள். அது அவரை உறுத்துகிறது.

"எம் பொண்ண மொட்டப் பலகையில எடுத்துகினு போவ மாட்டேன். கறுப்புத் துணி சுத்தணும், உங்கம்மாவுக்குச் சுத்துனாப்போல."

கார்டுக்குக் கிடைத்தது மூன்று கெஜம். அகலம் ஒரு கெஜம். ஆக 27 சதுர அடி.

மே 15, செவ்வாய்
தச்சு ஆசாரி வந்தார். நீளம் ஆறடி, அகலம் இரண்டு, உயரம் ஒன்றரை. பள்ளியில் நான் பிள்ளைகளுக்குப் போடும் கணக்கேதான்.
மேல்மூடி 12
நெடும்பக்கம் இரண்டும் 18
தலைமாடு, கால்மாடு 6
மொத்தம் 36. அடிப்பலகையை விட்டுவிட்டேன். அப்படியும் ஒன்பது குறைகிறது.

கரியில் ஓடும் பஸ்ஸில் அம்மையார்குப்பம் போனேன். தறிகள் சும்மா கிடக்கின்றன, நூல் வரவில்லையாம். என் சேலைக்குச் சாயம் ஏற்றலாமென்றால் கடையில் கறுப்புச் சாயம் இல்லை. வெறுங்கை.

மே 16, புதன்
உயரத்தை ஓரடியாக்கச் சொன்னேன். அதற்குக் கீழே முடியாதாம். 12, 12, 4. இருபத்தெட்டு. இன்னும் ஒரு சதுர அடி. எஸ்தர் நெட்டை, நீளத்தில் கைவைக்க முடியாது. மிச்சம் அகலம்தான்.

"அகலம் ஆளப் பொறுத்துதுங்க. தோள அளந்து சொல்லுங்க," என்றார் ஆசாரி.

தையல் டேப்போடு அவள் பக்கத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தோளில் வைத்ததும் கண் திறந்தாள்.

"ரவிக்கையாக்கா?"

"ஆங்."

"கொஞ்சம் லூசாவே தை. ஒடம்பு தேறிடும்ல."

பதினாலு அங்குலம். ஒன்றேமுக்கால் அடி போதும் என்று ஆசாரிக்குச் சொல்லியனுப்பினேன். பத்தரை, பன்னிரண்டு, மூன்றரை. இருபத்தாறு.

மே 18, வெள்ளி
நேற்று விடியலில் எஸ்தர் போய்விட்டாள். மாலையே அடக்கம். துணி, ஒட்டுப் போட்டு, சரியாக வந்தது. நல்லபடியாக மூடியிருக்கிறீர்கள் என்று சபைப் பெண்கள் நைனாவிடம் சொன்னார்கள். தலையாட்டினார். அகலம் குறைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

காலையிலிருந்து நைனா அவள் கட்டிலைக் கழுவுகிறார். போதும் என்றேன். மறுபடியும் தண்ணீர் சேந்தப் போனார்.