கட்டிலுக்கு வெளியே தெரிந்த கால்

அன்புள்ள மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தானே ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் பேசினால் "மீட்டிங் இருக்கும்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் தம்பி பட்டாளப் பயிற்சி முடிந்து லீவில் வந்துபோனான். என்னடா சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பூட்ஸில் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடுகிறான், போர்வையை மூலை பிசகாமல் மடிக்கிறான், கூடத்தில் இடம் வலம் என்று நடந்து காட்டினான். உங்கப்பாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை, அவர் பட்டாளத்தில் நடந்த நடை அப்படியே இருக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கொல்வது இப்போது தலைக்கு மேலே பறந்து வருகிறது, இவனை நெஞ்சை நிமிர்த்தி நேரே பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். அந்த ட்ரோனைக் கண்ணிலாவது காட்டினார்களா என்றால், முகாமுக்கே ஒன்றுதானாம், உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பீரோவில் பூட்டிவிட்டு, கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார்களாம். "சார் போட்ட படம் சீலிங் ஃபேன் மாதிரி இருந்துச்சும்மா" என்று சிரிக்கிறான், கூறு கெட்டவன்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டேன். ட்ரோனுக்கு, உடம்புச் சூட்டை வைத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கிற கேமரா செய்கிற கம்பெனியில்தானே நீ வேலை பார்க்கிறாய். மரத்தடியில் படுத்தால் தெரியுமா, ஈரப் போர்வை போர்த்திக்கொண்டால் தெரியுமா என்று இரண்டே கேள்விதான் கேட்டேன். ஆபீஸ் விஷயம் வெளியே பேசக்கூடாது என்றுவிட்டாய். யாருக்கு விற்கிறீர்கள் என்றதற்கு, "காசு குடுக்கறவங்களுக்கும்மா" என்றாய். நல்லா இருடி. எதிராளியும் காசு கொடுக்கிறவன்தானே. உங்கப்பா, "அவ வேலைக்கு வேட்டு வெச்சிடாதே" என்று என் மேலேயே பாய்கிறார். அவளுக்கு வேறு வேலை கிடைக்கும், எனக்கு வேறு பிள்ளை கிடைக்குமா என்று கேட்டேன்.

மாதம் பிறந்ததும் அவனை எல்லைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடுவீர்களே, நினைவிருக்கிறதா? எப்போதும் அதே கட்டிலுக்கடியில்தான் ஒளிவான், கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியவில்லை என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பான். நீ ஒரு நாளும் அதை அவனிடம் சொன்னதில்லை, சொன்னால் நீ ஜெயிக்க முடியாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், கோபத்தில் எழுதினாலும் நீயும் நான் பெற்றவள்தான், நன்றாக இரு. மாதம் பிறப்பதற்குள் தம்பியைக் கூப்பிட்டுப் பேசு. கால் தெரிகிறதென்று இப்போதாவது சொல்லிவிடு.

இப்படிக்கு,
அம்மா