யாரும் கேட்காத மரம்

மார்ச் 3

இன்று நீதிபதியம்மா வீட்டில் குறுக்கு விசாரணை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கேள்விகள் இன்னும் பணியில்தான் இருக்கின்றன. கூடத்துத் தரைக்கு வெளிநாட்டுச் சிவப்பு மரம் போடலாம் என்று சாம்பிளை நீட்டினேன். கையில் வாங்கவே இல்லை.

"இது எந்தக் காட்டுல நின்னுது?"

"வெளிநாட்டு மரம்மா. நல்லா உழைக்கும்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல. வெட்டின இடத்துல இப்ப என்ன இருக்கு?"

எனக்கு எங்கே தெரியும்? பதிலோடு வந்தால் வேலை எனக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். இன்டீரியர் கம்பெனியை விட்டு வெளியே வந்து தனியாக எடுத்திருக்கும் முதல் வீட்டு வேலை. அதற்கா இந்தச் சோதனை?

சார், அதாவது அவர் கணவர், ஜன்னலோரச் சாய்வு நாற்காலியை விட்டு அசையாமல் சொன்னது ஒன்றுதான்: "தரையை என்ன வேணா பண்ணுங்க. நாற்காலி இங்கேயேதான் இருக்கும்." நாற்காலியைச் சுற்றியா பலகை அடிப்பது?

மார்ச் 4

கோபம் போய்விட்டது. கேள்வி போகவில்லை. எங்கே நின்றது? யார் வெட்டினார்கள்? அந்த இடத்தில் பிறகு என்ன முளைத்தது? சாப்பாட்டு மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மேசை என்ன சொல்லுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 6

மரக்கடை. சிவப்பு மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடைக்காரர் காதைச் சொறிகிறார். மூன்று கை மாறி வருகிறதாம். முதல் கை யாரென்று அவருக்கே தெரியாது.

"சரி, பிறந்த இடம் தெரிஞ்ச மரம் எது இருக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு முகப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பழைய தோல்பை நிறம். முகர்ந்து பார்த்தேன், லேசாகச் சீவிய பென்சில் வாசனை. "இதுக்கு ஒவ்வொரு கட்டுலயும் நம்பர் இருக்கும்மா. எந்தக் காடு, எந்தப் பகுதின்னு சொல்லிடலாம். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

ஏன் கேட்பதில்லை? பெயர் தெரியாது, அவ்வளவுதான். எல்லாரும் அதே நாலு மரத்தையே கேட்டுக் கேட்டு அந்த நாலும் தேய்ந்துவருகின்றன. அதே காட்டில் பக்கத்திலேயே நிற்கும் இதைச் சீந்துவாரில்லை. அந்தக் காட்டில் ஒரு பகுதியில் முற்றிய மரங்களில் சிலவற்றை மட்டும் வெட்டிவிட்டு, பிறகு முப்பது வருடம் அந்தப் பக்கமே போவதில்லையாம். அவர்கள் திரும்பிப் போகும்போது நான் கிழவி ஆகியிருப்பேன்.

மார்ச் 9

நீதிபதியம்மா குடைந்து எடுத்தார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே நிறம்தானே வரும்?"

"இதேதான்மா."

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 24

போச்சு. எல்லாம் போச்சு. வந்த பலகைக் கட்டைப் பிரிச்சா உள்ள இருக்கறது வேற மரம் மாதிரி இருக்கு. வெளிறின இளஞ்சிவப்பு. நீதிபதியம்மா துண்டையும் பலகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. "நீங்க சொன்னது எது, வந்தது எது?"

கடைக்காரருக்குப் போன் பண்ணினா, "புதுசு அப்படித்தாம்மா இருக்கும். முகப்புல இருந்தது வருஷக்கணக்கா வெளிச்சத்துல கிடந்ததுல்ல. போகப் போக நிறம் வந்துடும்"னு சாவகாசமா சொல்றார். முதல்லயே சொல்றதுக்கு என்ன? சரி, நானாவது கேட்டிருக்கணும். காடு வரைக்கும் போய்க் கேட்டேன். நிறம் மாறுமான்னு ஒரு வார்த்தை கேட்டேனா?

— கொஞ்சம் ஆறிவிட்டு எழுதுகிறேன். எப்படியும் பலகைகள் அடிக்குமுன் இரண்டு வாரம் அந்த அறையிலேயே கிடந்து வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும்; இல்லாவிட்டால் பிறகு வளைந்துகொள்ளும். அந்த இரண்டு வாரத்தைக் கேட்டேன். ஒரு பலகையை மட்டும் வெயிலில் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"சரி, வாய்தா. நிறம் வரலைன்னா பலகையும் போகணும், நீங்களும் போகணும்."

வெயில் நன்றாக விழும் இடம் சாரின் காலடிதான். அவர் செய்தித்தாளுக்கு மேலே ஒரு கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார்.

மார்ச் 29

என் ஜன்னலிலும் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். நான் இப்படி முறைத்துப் பார்த்தால் வெட்கத்திலேயே சிவந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர்.

ஏப்ரல் 7

தீர்ப்பு நாள். சாரின் காலடிப் பலகை பழுத்திருந்தது. தோல்பை நிறம் முழுதாக வரவில்லை. ஆனால் அந்த வழியில்தான் போகிறது. எனக்கு மூச்சு வந்தது.

நீதிபதியம்மா குனிந்து பார்த்தார். "வெயில்ல வந்த நிறமா, இல்ல ஏதாவது பூசினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "யாரும் தொடல. நான் சாட்சி." சார் குனிந்து பலகை மேல் கிடந்த தன் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அடியில் முதல் நாள் நிறத்திலேயே ஒரு நீள வட்டம். "எங்க வரைக்கும் மாறுதுன்னு பாக்கலாம்னு வச்சேன். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல."

"அத நான் ரெண்டு வாரமா வீடு பூரா தேடிட்டிருக்கேன்" என்றார் நீதிபதியம்மா. பிறகு என்னைப் பார்த்து, "அடிக்கச் சொல்லுங்க."

ஏப்ரல் 21

தரை முடிந்தது. நிறம் ஒரே சீராக வரும்வரை விரிப்பு போட வேண்டாம், சோபாவையும் மேசையையும் அவ்வப்போது இடம் மாற்றுங்கள் என்றேன். நாற்காலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கெதற்கு வம்பு?

மே 30

ஜன்னலோரம் நாற்காலி வடிவத்தில் ஒரு வெளிறிய திட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். திட்டு இல்லை. நாற்காலியும் இல்லை. நடுக் கூடத்தில், விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார் சார்.

"நேத்து அலமாரி பக்கம் இருந்தார். நாளைக்கு எங்கன்னு தெரியல" என்றார் நீதிபதியம்மா. "தரை சமமா பழுக்கணுமாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆனதுலேருந்து சொல்றேன், அந்த நாற்காலிய கொஞ்சம் நகர்த்துங்கன்னு."

வாசல் வரை கூடவே வந்தார். தங்கை வீட்டுக்கும் இதே மரம்தான் வேண்டுமாம், நான்தான் செய்ய வேண்டுமாம். எங்கே நின்ற மரம் என்று அவளும் கேட்பாள், தயாராகப் போங்கள் என்றார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.

"தூக்கி வைங்க, கீறல் விழும்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.