உப்புத் தொடாத டீச்சர்

அன்பு மகன் ஸுஹைருக்கு, உம்மா மைமூனா சலாத்துடன் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் நலம், உன் நலத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். நேற்று ஜும்ஆ முடிந்து ஒரே பெரிய குஸ்குஸ் சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர்: உன் வாப்பா, நான், உன் தங்கை வியாம், அவளோடு படிக்கும் எதிர்வீட்டு இப்திஸாம், இவர்களுக்கு நம் வீட்டில் வைத்தே இங்கிலீஷ் சொல்லித்தரும் டீச்சர் நுஸ்ஹா.

ரெண்டு பெண்களையும் நீ இருக்கும் ஊரில் ஏதோ ஓட்டலில் வரவேற்பு வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்று டீச்சர் சொன்னதை உனக்குச் சொல்லியிருப்பார்கள். பாடத்துக்குக் காசு வாங்குவதில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிவாசல் வகுப்பில் நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியவள் நான், சும்மா இருப்பேனா? மாவு பிசைந்துகொண்டே 'ஐ ஆம், யூ ஆர், ஹி இஸ்' என்று கூடவே சொல்லுவேன். அவன், அவள் என்றால் வினைக்கு ஒரு 'ஸ்' வால் முளைக்கும், அவர்கள் என்றால் வால் உதிர்ந்துவிடும், இதெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. உன் வாப்பா, அடியே, லண்டன் ராணி உன்னை டீக்குக் கூப்பிட்டிருக்காளாம், ரொட்டியைக் கருக்காம போயிட்டு வா என்று கேலி பண்ணுவார்.

ஆனால் மகனே, அந்த டீச்சர் இத்தனை வெள்ளிக்கிழமையும் நம் உப்பைத் தின்னவில்லை. மாவு அளந்து கணக்கு எழுதுகிறவள் நான், யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாமல் போகுமா? தட்டில் எல்லோர் பக்கமும் பள்ளம் விழும், அவள் பக்கம் மட்டும் குலையாமல் நிற்கும். டீ குடிப்பாள், பேரீச்சை எடுப்பாள், ரொட்டியைத் தொடமாட்டாள். கேட்டால், டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டார் அக்கா, கோச்சுக்காதீங்க என்பாள். நானும் நம்பினேன். செவ்வாய்ச் சந்தையில் பார்க்கிறேன், உப்பில் ஊறின ஆலிவ்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பிக்கொண்டு நிற்கிறாள். ஒரு வீட்டு உப்பைத் தின்றவர் அந்த வீட்டுக்குக் கேடு நினைக்கக் கூடாது. அதற்குப் பயந்துதான் தின்னாமல் இருக்கிறாளோ என்று அங்கேயே தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். முதலில் 'அவள் டாக்டர்', 'அவர்கள் நண்பர்கள்' என்றிருந்த வாக்கியங்கள் இப்போது வேறு மாதிரி. இவர் என் மாமா. என் பாஸ்போர்ட்டை அவர் வைத்திருக்கிறார். நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். எனக்கு வீட்டுக்குப் போன் பண்ண வேண்டாம். இதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறாள். வியாமிடம் கேட்டதற்கு, ஐயோ உம்மா, அது சும்மா பயிற்சி, அர்த்தத்தை ஏன் பார்க்கிறே என்று சிரிக்கிறாள். நேற்று பட்டாணி உரிக்கும்போது நான் திடீரென்று இங்கிலீஷில், யார் அவர் என்று கேட்டேன். ரெண்டு பெண்களும் தலை நிமிராமல் ஒரே குரலில் 'ஹி இஸ் மை அங்கிள்' என்றார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரெண்டு பாஸ்போர்ட்டும் டீச்சர் கையில். வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் காஸாபிளாங்காவில் விமானம். உன் வாப்பாவோ, ஆலிவ் தின்னாள்னு ஒரு டீச்சரம்மாவைச் சந்தேகப்படுறியா, பெண் பிழைப்பைக் கெடுத்த பழி நமக்கு வேணாம், ஸுஹைர் விசாரிச்சு அப்படி ஓட்டலே இல்லைன்னு சொன்னா நானே தடுக்கிறேன் என்கிறார். போனில் சொல்லலாம் என்றால் என் போன் எந்நேரமும் பாடம் கேட்க வியாம் கையில், உன் வாப்பாவின் போனில் வெளிநாட்டிலிருந்து வருவதை எடுக்கலாமே தவிர இங்கிருந்து கூப்பிட முடியாது. அதனால்தான் நாளை உன் ஊருக்குக் கிளம்பும் நம் தெரு இத்ரீஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டீச்சர் சொன்ன ஓட்டல் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அப்படி ஒன்று இருக்கிறதா என்று போய்ப் பார்.

அங்கே இறங்கும்போது அதிகாரி யாராவது கேட்டால் சொல்ல நானும் ஒரு வாக்கியம் செய்தேன். இவர் என் மாமா இல்லை, என் அண்ணன் இந்த ஊரில் இருக்கிறான். 'மை பிரதர் லிவ்ஸ் ஹியர்.' இன்று காலை வியாமை மாவு பிசைய வைத்து, அது நாக்கில் ஏறும்வரை சொல்ல வைத்தேன். உம்மா நீயே டீச்சராகிட்டே என்று கிண்டல் செய்தாலும் தப்பில்லாமல் சொன்னாள்.

அல்லாஹ் உன்னையும் அவளையும் காப்பானாக. வேளைக்குச் சாப்பிடு, விடியற்கால சுப்ஹுத் தொழுகையை விடாதே. விலாசத்துக்குத் தனியாகப் போகாதே, கூட ஆள் கூட்டிக்கொண்டு போ.

உன் உம்மா,
மைமூனா

போய்ப் பார்த்த அன்றைக்கே உன் வாப்பாவின் போனில் கூப்பிட்டுப் பதில் சொல்.