உமக்கு விழுந்த செவ்வாய்க்கிழமை

இன்று காலை வாக்களிப்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் கோப்பி மணம் மூக்கில் ஏறியது. யாரும் ஊற்றிக் குடிக்காமல் சூட்டுத் தட்டிலேயே கிடந்து கசந்துபோன டெனிஷ் கோப்பி. கூடவே ஈர ஜாக்கெட்டுகளின் மணம். வாக்குச்சீட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்ற பெண் மரியாதையாக இருமினாள். டென்மார்க்குக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த பிராண்டே ஊரின் பழைய மண்டபத்தில் நான் உம்மோடு நிற்கிறேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆண்டுகளில் நாங்கள் எல்லோரும் தனி ஆம்பிளைகள். அநேகம் பேருக்கு மனைவியும் பிள்ளைகளும் இலங்கையில். அவர்களைக் கூப்பிடச் சட்டத்தில் உரிமை இருந்தது, விண்ணப்பமும் போட்டிருந்தோம். பதில்தான் வரவில்லை. தமிழரின் பைல்களை வேண்டுமென்றே அடுக்கின் அடியில் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் அப்போதுதான் எழுதத் தொடங்கியிருந்தன. நீர் உம்முடைய மகளை மூன்று வயதில் விட்டு வந்தவர். அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கையை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, "இவ்வளவுதான் உயரம்" என்பீர்.

அந்த நேரத்தில்தான் டெனிஷ் அரசியல்வாதிகளுக்கு எதிரே தொலைக்காட்சியில் உட்கார்ந்து எங்களுக்காகப் பேச ஒரு தமிழர் வேண்டும் என்று டெனிஷ் தொலைக்காட்சிக்காரர் கேட்டார்கள். ஒருவர் போதும். போட்டிக்கு வந்தது எட்டுப் பேர். நாங்கள் கூடினால் வேறு எப்படி இருக்கும்! எங்கள் ஆட்களின் வாக்கெடுப்புக்கு முன்னால் எட்டுப் பேரும் தமிழிலேயே விவாதிக்கட்டும் என்று உள்ளூர்த் தொலைக்காட்சி எங்களுக்கு இரண்டு அரைமணி நேரம் தந்தது. அவர்களுடைய கலையகமோ சின்ன அறை, நாலு பேர்தான் இருக்கலாம். ஒரு பகுதி சனிக்கிழமை மாலை. மறு பகுதி செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாதிப் பேர் தொழிற்சாலையில் நிற்பார்கள், மீதிப் பேர் இரவு வேலை முடித்துத் தூங்குவார்கள். செவ்வாய்க்கிழமை விழுகிறவர் சுவரோடு பேசவேண்டியதுதான்.

யாருக்கு எந்த நாள் என்று தீர்மானிக்க மண்டபத்தில் கூடினோம். போட்டியில் நீர் நின்றீர், ஊரில் பாடசாலை அதிபராக இருந்த ஒருவரும் நின்றார். இங்கே அவர் கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தாலும் எங்களுக்கு அதிபர்தான். அவருடைய ஆட்கள் தொடங்கினார்கள். "பேர் தெரிஞ்ச ஆக்கள் சனிக்கிழமை, மற்றாக்கள் செவ்வாய். இதில யோசிக்க என்ன கிடக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னுடைய கோபம் உமக்குத் தெரியாததா? "எல்லாற்றை பேரையும் ஒண்டாப் போட்டுக் குலுக்குங்கோ!" என்று கத்தினேன்.

நீர்தான் இரண்டையும் மறுத்தீர். "ஒண்டாக் குலுக்கினா, கதைக்கத் தெரிஞ்ச நாலு பேரும் ஒரே நாளில விழலாம். பிறகு மற்ற நாளை ஆர் பாக்கப்போகினம்? தெரிஞ்ச ஆக்களை ஒரு சட்டியில போடுவம், தெரியாத ஆக்களை மற்றச் சட்டியில. ஒவ்வொரு நாளுக்கும் ரெண்டிலயும் இருந்து ரெண்டு ரெண்டு பேரா எடுப்பம்."

சமையலறையிலிருந்து இரண்டு சட்டிகள் வந்தன. உம்முடைய பெயரை நீரே தெரியாதவர்களின் சட்டிக்குள் போட்டீர். பெயர்களை மடித்துக் குலுக்கி, மேலே துணியைப் போட்டு மூடினீர். ஊரில் சீட்டுக் குலுக்கினால் பெரியவர்கள் கை வைப்பதில்லை, வீட்டில் நிற்கும் ஒரு சின்னப்பிள்ளையைக் கொண்டுதான் எடுப்பிப்போம். அந்தப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "ஆற்றையேன் பிள்ளை ஒண்டை இஞ்சால அனுப்புங்கோ" என்றீர்.

சொல்லிவிட்டு உண்மையாகவே ஒரு பிள்ளை ஓடி வரும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

மண்டபம் நிறைய ஆம்பிளைகள். ஒரு பிள்ளை இல்லை. யாரோ சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உம்முடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. கடைசியில் மண்டபத்தைப் பராமரிப்பவரின் மனைவி, எங்களுக்குக் கோப்பி போட வந்த டெனிஷ் பெண், கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு பெயராக எடுத்துத் தந்தார்.

அதிபருக்குச் சனிக்கிழமை. உமக்குச் செவ்வாய்.

நான் பாய்ந்து வந்தேன். "இது சரிவராது ஐசே, திருப்பிக் குலுக்குவம். அந்த மனுசிக்கு என்ன தெரியும்?"

"விசர்க்கதை கதையாதையும். எங்கடை பைல்களை வரிசையில எடுங்கோ எண்டுதானே அவையளிட்டைக் கேக்கப்போறம். எனக்குப் பிழைச்ச உடன சட்டியைக் கவிட்டா, பிறகு எந்த முகத்தோட கேக்கிறது?"

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு எங்கள் அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். மற்ற மூவரும் சட்டம், ஐக்கிய நாடுகள், மனித உரிமை என்று முழங்கினார்கள். உம்முடைய முறை வந்தது. "சீட்டெடுக்க ஒரு பிள்ளையைக் கூப்பிட்டன். எங்களிட்டை ஒரு பிள்ளையும் இல்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்." உமக்குத் தந்த நேரம் நிறைய மிச்சம் இருந்தது. விவாதத்தை நடத்தியவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

வாக்கெடுப்பில் அதிபர் வென்றார். வெல்லாமல் என்ன செய்வார்? உம்மைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அரசியல்வாதிகளுக்கு எதிரே உட்கார்ந்த அன்று, மூச்சு விடாமல் பேசக்கூடிய அந்த மனிதர் எழுதிக் கொண்டுபோன பேச்சை மடித்து வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறிய டெனிஷில் அந்தச் சட்டிக் கதையைச் சொன்னார். சொன்னது ஒரு நண்பர் என்றும் சொன்னார். எதிரே இருந்த அரசியல்வாதி தன் முன்னால் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். நீர் அறையில் இருந்து கை தட்டினீர். அது நீர் இருந்திருக்க வேண்டிய கதிரை என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அனுமதிகள் வரத் தொடங்கின. அதிலும் ஒழுங்கில்லை. உமக்குப் பின்னால் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் முதலில் வந்தது. எங்களில் கார் வைத்திருந்தவர் நீர். மற்றவர்களின் குடும்பங்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்ததும் நீர்தான். ஒருமுறை முன் இருக்கையில் இருந்து நான் உம்மைத் திட்டித் தீர்த்தேன். "வரிசை வரிசை எண்டு நிண்டீரே, இப்ப எங்கை உம்மடை வரிசை?"

"ஓம், எழுதிக் கேட்டிருக்கிறன். ஆனா ஒருத்தன்ரை பிள்ளை வந்து இறங்கிற நேரம் அவனோட கோவிக்க ஏலுமே ஐசே?"

உம்முடையவர்கள் வந்த நாளில் காரை நான் ஓட்டினேன். நீர் பக்கத்தில் இருந்தீர். மடியில் ஒரு சின்ன ஜாக்கெட், சிவப்பு. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் வாங்கி வைத்ததாம். எனக்குப் பிள்ளைகள் இல்லை, உமக்காவது தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் எத்தனை குளிர்காலம் போனது என்று யோசிக்கவே இல்லை.

விமான நிலையத்தில் கதவு திறந்து உம்முடைய மனைவி வந்தார். பக்கத்தில் அவருடைய தோளுக்கு வந்துவிட்ட ஒரு பெட்டை. நீர் முழங்காலிட்டு அவளுக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டீர். ஜாக்கெட்டின் கை அவளுடைய முழங்கையைக் கொஞ்சம் தாண்டி, அதோடு நின்றுவிட்டது. அவள் உம்மைப் பார்க்காமல் தாயைப் பார்த்து, "அம்மா, இவருக்குச் சொல்லுங்கோ, எனக்கு இது காணாது" என்றாள்.

நீர் சிரித்தீர். கண்ணீர் வழிய வழியச் சிரித்தீர். "ஓம் பிள்ளை, ஓம். நாளைக்கு வேற வாங்குவம்."

சில ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பைல் விவகாரத்தால் டெனிஷ் அரசாங்கமே விழுந்தபோது, நீர் செய்தியை நிறுத்திவிட்டு அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனீர். பட்டாசு கொளுத்தவேண்டும் என்று துள்ளியவன் நான். உமக்கு அவள் வந்தது போதும். நீர் கண்ணை மூடும்வரைக்கும் அது போதுமாகவே இருந்தது.

எனக்குப் போதாது. அந்த ஜாக்கெட்டின் கைக்கும் அவளுடைய மணிக்கட்டுக்கும் நடுவே வெறுமையாகத் தெரிந்த பிள்ளையின் கையை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவும் அவள் நீர் இல்லாமல் வளர்ந்தது. நீர் மன்னித்துவிட்டீர். நான் இன்னும் மன்னிக்கவில்லை ஐசே.