அழாததற்கு ஒரு ஸ்டார்

ஜூன் 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ வெளியூருக்கு வேலை மாறிப் போனதிலிருந்து பாப்பா ஸ்கூல் வேனில் ஏற மாட்டேன் என்கிறாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வந்தாதான் போவேன்" என்று ஒரே அழுகை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நேற்று கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

பழுதான ஃப்ரிட்ஜ் என்றால் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். இது எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வகுப்பையே கட்டி மேய்க்கிறவள் நீ, சொல். ஸ்கூல் வருஷக் கடைசியில் அவள் உன்னிடம் வருவதாகப் பேசியதில் மாற்றமில்லை. அதுவரை நான் சமாளிக்க வேண்டுமே.

பாப்பாவின் அப்பா


ஜூன் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். அழுதால் கண்டுகொள்ளாதீர்கள். அழாமல் ஏறினால் அந்த நிமிஷமே பாராட்டுங்கள். எதற்காகப் பாராட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சுவரில் ஓர் அட்டை மாட்டி ஸ்டார் ஒட்டுங்கள். இரண்டாம் வகுப்பில் நான் செய்வது இதுதான். என் வகுப்பில் பிரம்பே கிடையாது.

பாராட்டு உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். நான் சமைத்ததை ஒரு நாளாவது நல்லாருக்கு என்று சொன்னதுண்டா? பாப்பாவிடமாவது பழகிக்கொள்ளுங்கள்.

இங்கே அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பரவாயில்லை, தூங்கத்தானே வருகிறேன்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 2

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் வித்தை பலித்துவிட்டது. இப்போது ஓடிப்போய் வேனில் ஏறுகிறாள். பிறகு, அம்மாவைக் கேட்காமல் தூங்கினால் ஒன்று என்றேன். தூங்கினாள். உனக்கு போன் போடச் சொல்லி நச்சரிக்காவிட்டால் ஒன்று என்றேன். அதையும் விட்டுவிட்டாள். சமத்து. அட்டை நிரம்பி, இரண்டாவது மாட்டியிருக்கிறேன்.

ஒரு தடவை வந்து பார்.

பாப்பாவின் அப்பா


நவம்பர் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

வந்து பார்த்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "உட்காருங்கம்மா" என்றாள். என்னை நீ, வா, போ என்றுதானே கூப்பிடுவாள்.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கையாட்டினாள். உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேலையை முடித்த பிள்ளை டீச்சரின் கையைப் பார்க்கிற பார்வை. பஸ் நகர்வதற்குள் நீங்கள் ஸ்டாரை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தவள் நான். எதைப் பாராட்டக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. பஸ்ஸில் அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. டிக்கெட் வாங்கினேன், மீதிச் சில்லறையை எண்ணி வைத்தேன், அவ்வளவுதான்.

ஸ்டாரை நிறுத்துங்கள். வீடு பார்த்துவிட்டேன். என் ஸ்கூலிலேயே அவளுக்கு இடம் இருக்கிறது. ஏப்ரலில் வந்து கூட்டிப் போகிறேன். வர விருப்பமா என்று அவளையே கேட்டு எழுதுங்கள். அவள் வேண்டாம் என்றால் நான் வரவில்லை.

பாப்பாவின் அம்மா


டிசம்பர் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

அட்டையைக் கழற்றிவிட்டேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"அம்மாகிட்ட போறியாடா?" என்று கேட்டேன்.

"போகலைன்னாலும் அழமாட்டேம்ப்பா."

"அழலாம்டா. அம்மா வேணும்னா அழணும். அதுல தப்பே இல்ல."

"அழுதா ஸ்டார் குடுப்பியா?"

தருகிறேன் என்றுவிட்டேன். எதிரே நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, முயன்று பார்த்தாள். வரவில்லை. "நாளைக்கு ட்ரை பண்றேம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஹோம்வொர்க் செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பதிலுக்காகக் காத்திருக்காதே. ஏப்ரல் வரைக்கும் வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வாரமே வந்து கூட்டிக்கொண்டு போ. வர மாட்டேன் என்று அவள் சொன்னாலும் கூட்டிக்கொண்டு போ.

பாப்பாவின் அப்பா