கோடு வளைந்து தெரிகிறது, அத்தான்

என் பிரியமான அத்தான்,

நீங்கள் இறந்துபோன இந்த மூன்று வருடத்தில் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. பயந்துபோய் எழுதுகிறேன். பயம் என்ற சொல்லை என் வாயால் நீங்கள் கேட்டதே இல்லை, இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை லண்டன் புல்தரை டென்னிஸ் இறுதிப் போட்டி. சுவிஸ்காரருக்கும் இடக்கை ஸ்பெயின்காரருக்கும். அங்கே மழை, இங்கே ஜன்னல் வரைக்கும் மூடுபனி. பள்ளங்கி கிராமத்திலிருந்து வீட்டு வேலைக்கு வரும் செல்வியும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த சுவிஸ்காரரவிடப் பெரிய ஆளு யாராச்சும் இருந்திருக்காங்களாம்மா?" என்றாள்.

நம் பழைய சண்டையைச் சொன்னேன். எனக்கு ஸ்வீடன்காரர், உள்ளே என்ன நடந்தாலும் முகத்தில் காட்டாதவர். உங்களுக்கு அந்தச் செம்பட்டைத் தலை ஆஸ்திரேலியர். நான் பட்டங்களை எண்ணினால் நீங்கள் சிரிப்பீர்கள். "நடுவர் கவனிக்காவிட்டாலும், என் பந்து வெளியேன்னு தானே சொல்றவன்தான் பெரியவன், ரெஜினா."

"அய்யா சொன்னதுதாம்மா சரி," என்றாள் செல்வி. அவளும் உங்கள் கட்சி!

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே எனக்கு எரிச்சல். இவ்வளவு பெரிய போட்டி, ஒரு கோட்டை நேராகப் போடத் தெரியவில்லையே என்று திட்டினேன். செல்வி டி.வி.யைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சற்று நேரத்தில் ஒரு அடிக்குக் கை தட்டினேன்.

"அம்மா, அது வெளிய போயிருச்சு."

"கோட்டுல பட்டுச்சு. முப்பது வருஷம் கிளப்புல கோட்டு நடுவரா நின்னவகிட்டயா சொல்றே?"

"மறுபடி காட்டுறாங்க, பாருங்க. ஒரு சாண் வெளிய."

பார்த்தேன். பந்து கோட்டருகே வந்ததும் காணாமல் போனது. டி.வி.யை அணைக்கச் சொன்னேன். ஸ்பெயின்காரர் ஜெயித்ததை மறுநாள் செல்வி சொல்லித்தான் தெரியும்.

அன்று வலது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். நடுவில் வளைந்திருந்தது. பிறகு அதே கண்ணால் உங்கள் படத்தைப் பார்த்தேன். காது தெரிகிறது, கழுத்துப் பட்டி தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசி நாலு வருடம் சுவரைத் தடவித் தடவி நடந்தார். மற்ற கண்ணும் போய்விட்டால் உங்களை எங்கே போய்ப் பார்ப்பேன், அத்தான்?

நான்கு நாள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தேன், என் ஸ்வீடன்காரர் மாதிரி.

கிளப் அரையிறுதியில் உங்கள் பந்தை நான் உள்ளே என்று சொன்னது நினைவிருக்கிறதா? நீங்கள் கையை உயர்த்தி, "வெளியே" என்று சொல்லித் தோற்றீர்கள். ஊர் முன்னால் என்னைத் திருத்தியதற்காக ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. இன்று காலை அதை நினைத்துக்கொண்டே செல்வியைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்குப் பந்து வெளியேதான். எனக்குத் தெரியல. கண்ணு சரியில்ல."

"தெரியும்மா. டீய டம்ளருக்கு வெளியதான ஊத்துறீங்க. நாளைக்கு வெள்ளனே மதுரை பஸ்ஸுக்குப் போயிருவோம், கண்ணாஸ்பத்திரிக்கு. நானும் கூட வாறேன்."

எழுத்து கோணலாக இருக்கும், மன்னியுங்கள். ஒன்று மட்டும் சத்தியம்: நாளை டாக்டர் பலகையில் காட்டும் எழுத்துகளில் தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்வேன். ஒன்றைக்கூட ஊகித்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் மாமன் மகளும் மனைவியுமான,
ரெஜினா