இரண்டு வருட அட்டை

ஞாயிறு. விடாத மழை.

மிங்கலாடோனில் இருக்கும் மொத்த விலைக் கடைக்கு இன்று அவரோடு போனேன். உறுப்பினர் அட்டை வாங்கினால்தான் மலிவு; உறைந்த கோழியைக்கூடப் பெட்டி பெட்டியாகத்தான் விற்கிறார்கள். கரண்ட் வருகிற லட்சணத்தில் இரண்டு பேருக்கு அவ்வளவு கோழி எதற்கு? வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அட்டை போடும் பெண், ஒரு வருடத்துக்கா இரண்டு வருடத்துக்கா என்று பர்மியில் கேட்டாள்.

“ரெண்டுக்கே போட்டுருவோம், மேரி” என்றார் இவர்.

பாங்காக்கில் இருக்கும் மகளிடம் நேற்றுதான், “வர்ற கிறிஸ்மஸ் அங்கதாம்மா, வீட்ட வித்துட்டு வந்துர்றோம்” என்றார். அதை நம்பிப் பெரிய சூட்கேஸைத் துடைத்து வைத்தேன்.

போகிறோமா, இருக்கிறோமா? கேட்கப் பயமாக இருக்கிறது.

வாங்கி வந்த பருப்பையெல்லாம் எலிக்குப் பயந்து அந்த சூட்கேஸில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்குகிறார்.